ஈராத்துமேட்டுப் பகல் விளக்கு

பணிக்கால அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. மகளுக்கு இரண்டே கால். அரசு அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஏழாவது வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இதை ஓய்வு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. இனி அந்த வேலைக்குப் போகப்போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

எழுதச் சொன்னவள் கார்த்திகா. தென்காசியில் நான் உட்கார்ந்திருந்த அதே மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"புதுசா வாற பிள்ளையளுக்கு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்கக்கா. ஃபீல்டு எப்படிப் பாக்கணும், ஃபைல் எப்படிப் போடணும்னு. நம்ம ஊழியர் சங்கத்து மலர்ல போடுவாங்க" என்றாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அதனால் கோப்பு எப்படிப் போடுவது என்பதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவார்களா என்பது வேறு விஷயம்.

நான் படித்தது மின்பொறியியல். வேலையில் சேர்ந்ததும் சென்னையில் இரண்டு வாரம் பயிற்சி. சூரியத் தகட்டை எந்தச் சாய்வில் வைப்பது, பலத்த காற்றைத் தாங்குமா, நிழல் விழுந்தால் மின்சாரம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கணக்குகள் நன்றாக வரும். பிறகு தென்காசி அலுவலகம். மானிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது, வேலை முடிந்ததும் முடிந்தது என்று களச் சான்று கொடுப்பது. தோட்டத்து மோட்டார், பள்ளிக்கூடத்து மாடித் தகடு, ஊராட்சித் தெருவிளக்கு. புளியறையிலிருந்து கடையம் வரைக்கும் ஸ்கூட்டியில் போகாத ரோடு இல்லை. முதல் ஐந்து வருடம் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அப்போது எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் அலுவலகத் தலைவரைப் பெரியசார் என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். காலையில் வந்ததும் பழைய காலண்டர் தாள் ஒன்றை மேசையில் விரித்து, பிளேடால் மூன்று பென்சில்களைச் சீவுவார். சீவல் ஒன்றுகூட வெளியே விழாது. தாளை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் முதல் கோப்பைத் திறப்பார். ஆறு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ஏம்மா" என்பார், "தாயி" என்பார். சீசன் நாட்களில் விடியுமுன்பே குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் திருநீறுமாக வந்து உட்காருவார்.

கோப்பு அவரிடம் போனால் பேனாவைத் தொடமாட்டார். என்ன எழுத வேண்டும் என்பதை ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். நாங்கள் அதைப் பார்த்துப் பேனாவால் எழுதி, புள்ளியின் மேல் கையெழுத்துப் போடுவோம். கோப்பு மேலே போய் ஒப்புதலாகித் திரும்பியதும், ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்து முழுவதையும் அவரே அழிப்பார். தூளை ஊதிவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"ஃபைல்னா சுத்தமா இருக்கணும்லா தாயி."

அவர் பேனாவால் கையெழுத்துப் போடுவது மேலே அனுப்பும் கடிதத்தில் மட்டும். அதில் 'இணைப்பிலுள்ள களச் சான்றின் அடிப்படையில் அனுப்பப்படுகிறது' என்று ஒரு வரி இருக்கும். களச் சான்று எங்களுடையது. இதையெல்லாம் நான் அப்போது ஒழுங்கு என்றே நினைத்தேன். அவருடைய ரப்பர் தாளில் கறுப்பாக இழுக்கிறது என்று, ஒரு பெருநாளுக்குப் புதுத்துணி எடுக்கப் போனபோது, நல்ல ரப்பராக ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். "நல்லா அழியுது" என்று சந்தோஷப்பட்டார்.

இன்னொரு நடைமுறையும் இருந்தது. மேலிடத்து ஆய்வு எங்கள் மாவட்டத்துக்கு ஜூனிலோ ஜூலையிலோதான் வரும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதங்கள். சூரிய மின்சாரத் திட்டத்தை, சூரியனே கண்ணில் படாத சாரல் நாட்களில் ஆய்வு செய்கிற ஊர் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை. விருந்தினர் மாளிகையில் அறை போடுவது, எண்ணெய் தேய்க்க ஆள் சொல்வது, எல்லைப் பக்கத்துக் கடையிலிருந்து பரோட்டாவும் கோழியும் சூடு ஆறாமல் கொண்டு வரச் சொல்வது, எந்த அருவியில் கூட்டம் குறைவு என்று காலையிலேயே விசாரித்து வைப்பது. இதற்கெல்லாம் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. மேசையில் நான் விட்டுவந்து, பிறகு கார்த்திகாவுக்குப் போய்ச் சேர்ந்த பொருட்களில் அதுவும் ஒன்று.

ஆறாவது வருடத்தில் ஒரு புதுத் திட்டம் வந்தது. தீவுகளிலும், தண்ணீரால் துண்டிக்கப்படும் குடியிருப்புகளிலும், மின்கம்பி போக முடியாத இடங்களுக்குச் சூரிய மின்சாரம் அமைக்க முழு மானியம். கடலோர மாவட்டங்களை நினைத்துப் போட்டது. "நம்ம மாவட்டத்துல தீவுக்கு எங்கன போவ? அருவிக்கு நடுவுல ஒரு பாறை கெடக்கு, அதக் காட்டுவமா?" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். ஈராத்துமேட்டைச் சொன்னது நான்தான். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

ஈராத்துமேடு கடையத்துக்கு மேற்கே, அணைக்குப் பின்னால் இருக்கிறது. அணை கட்ட வந்த கூலிக்காரர்களில் சில குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. பத்தொன்பது வீடு. மலையிலிருந்து வரும் ஓடை மேட்டுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் இறங்கி, கீழே அணைத் தண்ணீரில் சேரும். மழை மாதங்களில் சுற்றிலும் தண்ணீர். பரிசலில்தான் போக வேண்டும். கோடையில் நடந்தே போகலாம். காட்டுக்குள் கம்பம் நட அனுமதி இல்லாததால் மின்கம்பி வராது. அந்தப் பக்கத்தில் ஒரு மோட்டார் மானியத்துக்காகப் போனபோது இதையெல்லாம் கேள்விப்பட்டு வைத்திருந்தேன்.

முதல்முறை போனது ஐப்பசி மழையில். பரிசலை விட்டு இறங்கியதுமே முத்துப்பேச்சி எதிரே வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். அணையில் மீன் வாங்கிக் கடையம் சந்தையில் விற்கிறவள். அந்த ஊருக்காகப் பேசுகிறவளும் அவள்தான்.

"எம்மா, எத்தன பேரு இப்படி நோட்டோட வந்துட்டுப் போயிருக்காவ தெரியுமா? ஒங்க நோட்டுக்காவது அட்டை கெட்டியா இருக்கா?" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு எத்தனை விளக்கு, மின்விசிறி வேண்டுமா, கைபேசி சார்ஜ் போட எத்தனை இடம் என்று படிவத்திலிருந்து கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் சொன்னாள்: "வீட்டுக்குள்ள வெளக்கு எரியுதோ இல்லியோ, கரையில ஒண்ணு எரியணும். பொழுது சாஞ்சு பரிசல்ல வாறவளுக்குக் கரை எங்கன இருக்குன்னு தெரியணும்லா. போன வருசம் எங்க நாத்தனா கல்லுன்னு நெனச்சுத் தண்ணியில கால வச்சா. இன்னும் நொண்டுதா."

படிவத்தில் கரை விளக்குக்கு இடம் இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் எழுதி, தனித்தாளில் வரைபடம் போட்டு இணைத்தேன். அது ஒப்புதலாகி வந்த அன்று உம்மாவிடம் போய்ச் சொன்னேன். நான் செய்த வேலையில் வீட்டில் சொல்லிக்கொண்ட ஒரே வேலை அது.

மார்ச் மாதத்துக்குள் தகடுகள் ஏறின. ஊருக்குள் சிறு கம்பங்கள், வீடுகளுக்கு ஒயர், கரையில் ஒரு கம்பம், அதில் ஒரு விளக்கு. எல்லாம் வந்தது, பேட்டரி மட்டும் வரவில்லை. பேட்டரி இல்லாவிட்டால் தகட்டில் வெயில் படுகிற வரைக்கும்தான் மின்சாரம். இருட்டியதும் ஒன்றும் இல்லை. ஒப்பந்தக்காரரைக் கேட்டால், வண்டி ஏற்றியாயிற்று என்றார். மறு வாரமும் அதையே சொன்னார். மார்ச் முடிந்தால் மானியம் திரும்பிவிடும்.

பெரியசார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏம்மா, அந்த ஊருக்கு வெளிச்சம் வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார். பேட்டரி மட்டும் வந்துட்டா…"

"வந்துரும் தாயி. நீ இப்ப முடிஞ்சுதுன்னு எழுதலைன்னா மானியம் போயிரும். அடுத்த வருசம் இந்தத் திட்டமே இருக்குமான்னு தெரியாது. அப்புறம் நீதான் போய் அந்தச் சனங்களுக்குப் பதில் சொல்லணும்." பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, "நீ ஒருநாளும் தப்பாக் கையெழுத்துப் போட்டதில்ல. அதனால ஒன் கையெழுத்துன்னா மேல ஒண்ணும் கேக்கமாட்டாவ" என்றார்.

அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சான்றோடு படம் இணைக்க வேண்டும். விளக்கு எரிகிற படம். மறுநாள் உச்சி வேளையில் ஈராத்துமேட்டில் இருந்தோம். ஒப்பந்தக்காரரின் ஆள் பேட்டரி அறையைத் தாண்டி, தகட்டிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்தான். பத்தொன்பது வீட்டிலும் விளக்கு எரிந்தது. வெளியே அடித்த வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முத்துப்பேச்சி வீட்டில் கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, இருட்டாக்கிப் படம் எடுத்தேன். விளக்குக்குக் கீழே அவள் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, உச்சியிலயே இப்படி எரியுதே, ராத்திரி எப்படி எரியும் பாரு!" என்று தன் நாத்தனாரிடம் சொன்னாள்.

ராத்திரி எரியாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் பேட்டரி வந்துவிடும், அதற்குள் ஏன் மனதைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அல்லது நினைத்ததாக இப்போது எழுதுகிறேன். கதவைத் திறந்ததும் வெயில் உள்ளே வந்தது. விளக்கு இருக்கிற இடமே தெரியவில்லை.

'அனைத்துப் பாகங்களும் நிறுவப்பட்டு இயக்கத்தில் உள்ளன.' ஓரத்தில் பென்சிலால் இருந்த அந்த வரியைப் பேனாவால் எழுதி, புள்ளியின் மேல் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் பேட்டரி வரவில்லை. மே மாதம் ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதை நிறுத்தினார். பெரியசாரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "நான் பேசுதேன்மா" என்றார். ஜூன் கடைசியில் ஆய்வுக்கு வந்தார்கள்.

குற்றாலத்து விருந்தினர் மாளிகை வராந்தா. வெளியே சாரல். சென்னையிலிருந்து வந்த அதிகாரி குளித்துவிட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியசார் மங்குஸ்தான் பழத்தை ஒவ்வொன்றாக உடைத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். எட்டு மாத வயிற்றோடு நான் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"இந்தத் தீவு எங்கே இருக்கு? போய்ப் பார்க்கலாமா?" என்றார் அதிகாரி.

"பரிசல்ல போகணும் சார். தண்ணி ஏறிக் கெடக்கு. நீங்க எதுக்குச் சிரமப்படணும், படம் இருக்கு" என்றார் பெரியசார்.

அதிகாரி முத்துப்பேச்சி நிற்கும் படத்தைப் பார்த்தார். "நல்லா எரியுதே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானேம்மா சான்று கொடுத்தது? எல்லாம் ஓடுதா?"

பெரியசார் என்னைப் பார்க்கவில்லை. பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். பிரசவச் செலவு இருந்தது. நின்று நின்று கால் வீங்கியிருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனாலும், இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் துண்டை எடுத்து வைத்துவிட்டு, "அப்படியா" என்று கேட்டிருப்பார். அவ்வளவுகூட நடக்காமல் நான் பார்த்துக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். நான் விடுப்பில் இருந்தபோது ஒப்பந்தம் முடிந்ததாகக் கடிதம் வந்தது. பெரியசார் ஓய்வு பெற்றார். மாலை போட்ட படத்தை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். அந்தக் குழுவிலிருந்து என்னை நீக்க மறந்திருந்தார்கள்.

முத்துப்பேச்சி சந்தை நாட்களில் கடையத்து டீக்கடையில் சார்ஜ் போட்டு என்னைக் கூப்பிடுவாள். முதலில் பிள்ளை நன்றாக இருக்கிறதா என்பாள். பிறகுதான் பேட்டரி. நான் வேலையில் இல்லை என்றேன். "வேலையில இல்லன்னா என்னம்மா, ஒங்களத்தான எங்களுக்குத் தெரியும்" என்றாள். ஏழெட்டு முறைக்குப் பிறகு நான் எடுப்பதை நிறுத்தினேன். திரையில் 'ஈராத்துமேடு' என்று வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன். பிள்ளை தூங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நேரம் உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் சித்திரையில் கார்த்திகா கூப்பிட்டாள். அதுவரை அவளை எனக்குத் தெரியாது.

"யக்கா, துண்டிக்கப்பட்ட ஊருகளுக்கு மறுபடி மானியம் வந்திருக்கு. ஈராத்துமேட்டைப் போடலாம்னு பாத்தா, கம்ப்யூட்டர்ல பேரையே தேர்ந்தெடுக்க முடியல. 'நிறைவு'ன்னு இருக்கு. மேல கேட்டா, எரியுற ஊருக்கு எதுக்கு மறுபடின்னு கேக்காங்க."

"எரியல" என்றேன்.

"தெரியும்க்கா. சான்று குடுத்தவங்களே அது தப்புன்னு எழுதிக் குடுத்தாத்தான் பழைய பதிவை நீக்க முடியுமாம். ஜூன் கடைசிக்குள்ள வேணும். ஃபைல்ல ஒங்க எழுத்து மட்டுந்தான் இருக்கு."

"அந்தத் தாளை ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பாரு. ஓரத்துல பென்சில் தடம் ஏதாவது தெரியுதா?"

போனில் தாள் சலசலத்தது. "ஒண்ணும் இல்லக்கா. வழுவழுன்னு இருக்கு."

நான் வாங்கிக் கொடுத்த ரப்பர்.

என் கணவர் சவூதியில் இருக்கிறார். இந்த வருடக் கடைசியில் நானும் மகளும் அங்கே போவதாக ஏற்பாடு. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். போலீஸ் விசாரணை வர வேண்டும். அன்று போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தா கேஸ் ஆகுமா?" என்றார்.

"தெரியல."

"கேஸ்னு வந்துட்டா பாஸ்போர்ட் நின்னுரும். பிள்ள என்னைய போன்ல மட்டுந்தான் பாத்திருக்கா. நீ மட்டும் எதுக்குச் சொமக்கணும்? அந்த சார்ட்ட போய்க் கேளு."

அவர் சொன்னது தப்பில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் தப்பாக இருக்காது.

பெரியசார் வீடு குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அவரே கதவைத் திறந்தார். மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார், நாற்காலியின் கூர்முனையில் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நடந்ததை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம் என்றேன்.

"நான் எங்கம்மா கையெழுத்துப் போட்டேன்?" என்றார். கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

"நீங்க பென்சில்ல எழுதினதைத்தான சார் நான் எழுதினேன்?"

"நான் அந்த ஊரைக் கண்ணால பாத்ததே இல்லியே தாயி. போய்ப் பாத்தது நீ. படம் எடுத்தது நீ. அதிகாரி கேட்டப்ப ஓடுதுன்னு சொன்னதும் நீதான. நான் பக்கத்துலதான இருந்தேன்?" பிறகு இரக்கமாக, "முடிஞ்ச விஷயத்தை எதுக்குத் தோண்டுதே? பச்சப்பிள்ளய வச்சிருக்கே" என்றார்.

வெளியே வரும்போது ஒரு பை மங்குஸ்தான் கொடுத்தார். "கொட்டையை எடுத்துட்டுக் குடு. தொண்டையில சிக்கிரும்." பையை வழியிலிருந்த ஓடையில் எறியலாம் என்று நினைத்தேன். எறியவில்லை. வீட்டில் கொட்டையை எடுத்துவிட்டு ஊட்டினேன். மகள் இன்னும் கேட்டாள்.

பதிவை நீக்க இப்போதைய நிலையையும் எழுத வேண்டும் என்று கார்த்திகா சொன்னாள். மே மாதம் ஒருநாள் அவளோடு ஈராத்துமேட்டுக்குப் போனேன். தண்ணீர் வற்றி, நடந்தே போக முடிந்தது. முத்துப்பேச்சி தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"வாங்க பகலு, வாங்க" என்றாள். கார்த்திகாவுக்குப் புரியவில்லை. "இவுகளுக்கு இங்கன அதான் பேரு. பகல்வெளக்கம்மா. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வந்து பாருங்க, எங்க ஊரு ஜெகஜோதியா இருக்கும்."

பேட்டரி அறையில் கோழிகள் இருந்தன. பேட்டரிக்கு அடித்த இரும்புத் தட்டில் விறகு அடுக்கியிருந்தார்கள். நேராக இழுத்த ஒயர் அப்படியே இருந்தது. வீட்டில் சுவிட்சைப் போட்டுக் காட்டினாள். வெயில் இருந்ததால் விளக்கு எரிந்தது. கரைக் கம்பத்தில், நான் வரைபடம் போட்டு வாங்கிய விளக்குக்குக் கீழே, ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"நீங்க எழுதிக் குடுத்தா பேட்டரி வந்துருமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியலக்கா. விண்ணப்பம் போடவாவது முடியும்" என்றேன்.

"சரி. போனை எதுக்கு எடுக்கல?"

நான் நோட்டில் அரிக்கேன் விளக்கைக் குறித்துக்கொண்டேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. திரும்பும்போது கருவாடு கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கார்த்திகாவின் கையில் கொடுத்தாள். என் கையில் கொடுக்கவில்லை.

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றில் பென்சிலைப் பற்றி நிறைய இருந்தது. நான்காவதில் நான் பார்த்ததும், எழுதியதும், வராந்தாவில் சொன்னதும் மட்டும். கணவரிடம் சொல்லாமல் ஜூன் மாதம் மூன்றாம் வாரம் அலுவலகம் போனேன். மகளை விட்டுவிட்டு வர இடமில்லை, உம்மாவுக்குக் காய்ச்சல். வெளியே சாரல் தொடங்கியிருந்தது.

பெரியசார் நாற்காலியில் இப்போது இருக்கும் அதிகாரி இளைஞர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மேசைக் குவளையிலிருந்து, நன்றாகச் சீவிய பென்சிலை எடுத்து, என்னுடைய நகலின் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டு நீட்டினார். பெரியசாரிடம் இரண்டு வருடம் வேலை பழகியவர் என்று பிறகு கார்த்திகா சொன்னாள்.

"சார், பேனாவுல போட்டுக் குடுங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. ஆபீஸ் காப்பியில அப்புறம் ஏத்திக்கிடுவோம். நீங்க போங்க, மழை பெருசாகும்."

"ஒண்ணு இல்ல சார்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வேறு கோப்புகளைப் பார்த்தார். மகள் முதலில் மேசை மணியை அடித்து விளையாடினாள், பிறகு பசிக்கிறது என்றாள், பிறகு அழுதாள். சாதாரணமாகப் பிள்ளை பொது இடத்தில் அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவேன். அன்று எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது அவர் பேனாவை எடுத்தார். நான் சொன்னது நியாயம் என்று எடுக்கவில்லை. அழுகை தாங்காமல் எடுத்தார்.

அதன் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஈராத்துமேட்டின் பதிவு 'நிறைவு' என்பதிலிருந்து 'விசாரணையில்' என்று மாறியது. விசாரணை முடியும்வரை புது விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அந்த மானியத்துக்கான கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த சுற்று உண்டு என்கிறார்கள். தவறான சான்று கொடுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெரியசாருக்கு ஒன்றும் வரவில்லை. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "ஏதும் பிரச்சினை உண்டாம்மா?" என்று கேட்டார். அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் குறித்துக்கொண்டு போனார். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. கணவர் என்னோடு பேசுவதைக் குறைத்திருக்கிறார். மகளோடு பேசுகிறார்.

போன வாரம் கார்த்திகாவின் மேசைக்கு ஓரத்தில் பென்சில் எழுத்தோடு ஒரு கோப்பு வந்ததாம். என்ன செய்ய என்று கேட்டாள். அழிப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள் என்றேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். கோப்பு போடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் வராந்தாவில் நான் சொன்னதை எனக்கு யாரும் பென்சிலால் எழுதித் தரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈராத்துமேடு. எடுத்தேன்.

"எம்மா, மழை புடிச்சுட்டு. சுத்தித் தண்ணி. இன்னைக்குப் பரிசல்லதான் சந்தைக்கு வந்தேன்" என்றாள் முத்துப்பேச்சி. "ஒங்க விசாரணைக்காரவுகள இப்ப வரச் சொல்லுங்க. அருவியில குளிச்சுட்டுப் போவ வேண்டாம், எங்க கரையில எறங்கச் சொல்லுங்க. பொழுது சாஞ்ச பெறவு வரச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

"எழுதியே குடுங்க" என்றாள். "பேனாவுல."